குழாய் கடிக்கிறது என்றார்கள் பிள்ளைகள்: ஓர் ஒன்றியப் பள்ளியில் ஆறு வார வேலை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளியில் என் மகள் 3-ஆம் வகுப்பு படிக்கிறாள். நான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவன். வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009 இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சொல்வதால்தான் என்னைப் போன்றவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. காலாண்டு விடுமுறையில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் அந்தப் பள்ளி வளாகத்தில் நாங்கள் கண்டுபிடித்த ஆபத்துகளையும், அவற்றை எப்படிச் சரிசெய்தோம், எங்கே தவறினோம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கி வைத்தது ஒரு குழாய். ஒரு மாலை மகளை அழைத்துவரச் சென்றபோது, ஆழ்துளைக் கிணற்றின் அருகிலுள்ள இரும்புக் குழாயை ஒரு சிறுமி தன் பாவாடை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு திறப்பதைப் பார்த்தேன். ஏன் அப்படித் திறக்கிறாய் என்று கேட்டேன். "மோட்டார் ஓடும்போது அது கடிக்கும் மாமா, செருப்பு போட்டிருந்தா கடிக்காது" என்றாள். என் மகளிடம் கேட்டபோது அவளுக்கும் அது தெரிந்திருந்தது. சென்ற மழைக்காலம் முதலே எல்லாருக்கும் தெரியும் என்றாள். ஆசிரியர்கள் யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் அந்தக் குழாயைத் தொடுவதே இல்லை. அன்று இரவு என்னால் தூங்க முடியவில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைப் பிடிக்கும் 120 பிள்ளைகளில் ஒருவரின் கை, ஒரு நாள் அதைவிட்டு விலக முடியாமல் போயிருக்கலாம்.

மறுநாள் காலை தலைமையாசிரியையிடம் சொல்லி முதலில் மோட்டாரின் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிப் பூட்டுக்குள் வைத்தோம். தொழிற்சாலையில் எங்களுக்குப் பழக்கமான முறை இது: பழுது பார்ப்பது எப்போது முடியுமோ முடியட்டும், ஆளையும் ஆபத்தையும் பிரித்துவைப்பது இன்றே நடக்க வேண்டும். தண்ணீருக்கு ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தற்காலிகமாக ஒரு ஹோஸ் இழுத்துக்கொண்டோம். அதன்பின் குழுத் தலைவியான அக்காவும் நானும் ஒவ்வொரு வகுப்பாகச் சென்று பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இந்தப் பள்ளியில் எந்த இடத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகிறீர்கள்? பிள்ளைகள் சொன்னவற்றை அக்கா ஒரு நோட்டில் எழுதினார். பழைய போர் (கைவிட்ட ஆழ்துளைக் கிணறு) குழி, கழிப்பறைக்குப் பின்னால் ஆடும் கல், மழை பெய்தால் துண்டு விழும் சன்ஷேடு, கிழக்கு மதில் ஓரம், இழுத்தால் தடம் விட்டு விலகும் கேட். நான் தனியாகச் சுற்றிவந்து எழுதிய பட்டியலில் இவற்றில் இரண்டு இல்லவே இல்லை.

மின்சார வேலையை நானே எடுத்துக்கொண்டேன். விடுமுறையின் முதல் சனிக்கிழமை, ஒருவரும் அருகில் வராதபடி பார்த்துக்கொண்டு மோட்டாரைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டு, குழாய்க்கும் ஈரமண்ணில் அடித்த ஒரு கம்பிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தேன். 64 வோல்ட் காட்டியது. கிணற்றுக்குள் இறங்குவது பிளாஸ்டிக் குழாய், தரைக்கு மேலே இருப்பது ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். குழாயைத் தாங்கும் இரும்புக் கிளாம்புக்கும் கேசிங் (கிணற்றின் வாயில் இறக்கியிருக்கும் கவசக் குழாய்) விளிம்புக்கும் நடுவே மோட்டார் கேபிள் நசுங்கியிருந்தது. மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் குழாய் சற்று அதிரும். அந்த அதிர்வில் கேபிளின் மேலுறை தேய்ந்து, செம்பு ஓர் அரிசியளவுக்கு வெளியே தெரிந்தது. கிளாம்பில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி ஒழுங்காக இணைந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. அந்தக் கம்பியைத் தேடிப் பிடித்து மெல்ல இழுத்தேன். அடியில் போல்ட் துருவில் கரைந்து போயிருந்ததால் முழுக் கம்பியும் கையோடு வந்துவிட்டது.

கேபிளை மாற்றுவது அரை நாள் வேலை. புதிய கேபிள் கிளாம்பைத் தொடாதபடி, ஒரு துண்டு பிவிசி குழாயைக் கவசமாக மாட்டிவிட்டேன். கடினமாக இருந்தது எர்த் குழி. எங்கள் பக்கத்து மண் செம்மண்ணும் சரளையும் கலந்தது. 5 அடி தோண்டுவதற்குள் பாறை தட்டிவிடும். எட்டடி ஆழத்துக்குக் குழாய் இறக்குவதெல்லாம் இங்கே நடக்காத காரியம். 10 அடி இடைவெளியில் இரண்டு குழிகள் எடுத்து, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, இரண்டையும் ஜிஐ பட்டையால் இணைத்தோம். எர்த் எவ்வளவு தடை காட்டுகிறது என்று அளக்க, தொழிற்சாலையில் ஓர் எர்த் டெஸ்டரை இரவல் வாங்கிவந்தேன்; எண் குறைவாக இருந்தால் எர்த் நல்லது. அதில் ஒரு குழி மட்டும் 41 ஓம் காட்டியது. இரண்டையும் இணைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகு 24 ஓம்.

இந்த 24 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் நம் வட்டாரத்துப் பள்ளிகளில் பெரும்பாலான பாறை மண்ணுக்கு இது பொருந்தும். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி நேரடியாக அந்தக் குழாயில் பட்டால், 230 வோல்ட்டை 24-ஆல் வகுக்கும்போது எர்த் வழியாக ஓடக்கூடியது 10 ஆம்பியருக்கும் குறைவு. மெயின் போர்டில் இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இதற்கு அசையவே அசையாது; குழாய் மின்னழுத்தத்தோடு அப்படியே நிற்கும். "எர்த் போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை" என்று சொல்வது இங்கே பொய்யாகிவிடும். காப்பாற்றுவது மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த அளவைத் தொட்டதும் அது ஒரு நொடியில் மூன்றிலொரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த அளவில் நம் 24 ஓம் எர்த்தில் குழாய் மேல் நிற்கும் அழுத்தம் ஒரு வோல்ட்கூட இல்லை. எர்த் மோசமாக இருக்கும் மண்ணில்தான் இந்தக் கருவி மிக அவசியம். ஆனால் அப்படிப்பட்ட ஊர்ப் பள்ளிகளில்தான் இது இருப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

40 ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை வாங்கி மெயினில் பொருத்திச் சுவிட்சை ஏற்றினேன்; அந்தக் கணமே அது விழுந்து இணைப்பைத் துண்டித்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி விழுந்தது. ஒவ்வொரு எம்சிபியாக அணைத்துப் பார்த்தும் பயனில்லை. இங்கே காலை 10 மணி முதல் 4 மணி வரை நான் இழந்த நேரத்தை மற்றவர்கள் இழக்க வேண்டாம் என்பதற்காக விரிவாகச் சொல்கிறேன். ஒற்றை முனை எம்சிபி ஃபேஸை மட்டுமே துண்டிக்கும்; மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எல்லா அறைகளோடும் இணைந்தே இருக்கும். எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், எம்சிபியை அணைத்தாலும் அந்தப் பிழை விலகாது. இந்த எண்ணம் எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. மெயினை அணைத்து, எல்லா நியூட்ரல் கம்பிகளும் சேரும் நியூட்ரல் லிங்கிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆர்சிசிபியை ஏற்றிப் பார்த்தேன். ஏழாவது கம்பியைக் கழற்றியபோது அது விழாமல் நின்றது. அந்தக் கம்பி சத்துணவுக் கூடத்துக்குப் போவது. அங்கே மிக்சிக்கான சாக்கெட்டைத் திறந்தால், எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு சிறு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்திருந்தார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், மிக்சியின் இரும்பு உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறியிருக்கும். அந்தத் துண்டுக் கம்பியை வெட்டி எடுத்தபின் கருவி விழவில்லை. குழாயருகே மீட்டர் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்று புறங்கையால் குழாயைத் தொட்டேன். அளந்த பிறகு செய்தேன் என்றாலும், தொடுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன்.

அடுத்தது பழைய போர். புதிய கிணறு போடுவதற்கு முன்பிருந்த, தண்ணீர் வற்றிப்போன குழி அது. கேசிங் தரையிலிருந்து ஒரு சாண் மட்டுமே வெளியே நீட்டியிருந்தது. மேலே ஒரு கோணிப்பை, அதன்மேல் ஒரு கல். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் குழியில் விழுந்ததை இந்த ஊரில் எல்லோரும் நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள்தாம். கைவிடப்பட்ட கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் போன்றவற்றால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மேலே மூடி போட்டு விடுவது போதாது என்பது அதன் பொருள்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தோம்: 210 அடி. குழியின் விட்டம் ஆறரை அங்குலம். கணக்குப்படி 48 கன அடி, அதாவது ஏறத்தாழ அரை யூனிட் பொருள் பிடிக்க வேண்டும். மூன்று சட்டி ஒரு கன அடி என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, சிறு கூழாங்கல்லும் மணலும் கலந்து போடத் தொடங்கினோம். ஊர் இளைஞர்கள் நால்வர் உதவிக்கு வந்தார்கள். வேலை வேகமாக நடந்தது, அதுவே பிழையாயிற்று. 145 சட்டி பிடிக்க வேண்டிய குழி 60-ஆவது சட்டியிலேயே நிரம்பிவிட்டது. பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்த மகிழ்ச்சி. எண்ணிக்கொண்டிருந்த அக்காதான் நோட்டைக் காட்டி, "பாதிகூட ஆகலையே, கீழே எங்கேயோ அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார். கொட்டிய வேகத்தில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு குழியின் நடுவில் பாலம் கட்டிவிட்டன, அதற்கடியில் வெற்றிடம். அன்று நாங்கள் எண்ணாமல் விட்டிருந்தால், ஏதோ ஒரு மழையில் அந்தப் பாலம் உடைந்து, மூடியது என்று எல்லோரும் நம்பிய இடத்தில் மறுபடியும் குழி திறந்திருக்கும். தண்ணீர் லாரியிலிருந்து தண்ணீரை விட்டு, கயிற்றில் கட்டிய கனமான இரும்புத் தண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டோம். நாற்பது நிமிடம் கழித்துக் கீழே 'தட்' என்று ஓர் ஓசையோடு மேல்மட்டம் சரேலென இறங்கியது. மிச்சத்தை, பத்துச் சட்டிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு, கயிற்றால் மட்டம் பார்த்து நிரப்பினோம். 151 சட்டி பிடித்தது. உடனே கான்கிரீட் போடாமல், மேலே மண்மேடு அணைத்து முள்கம்பி கட்டி மழைக்காக விட்டுவைத்தோம்.

சன்ஷேடு வேலையை ஊர் மேஸ்திரியிடம் ஒப்படைத்தோம். அறுபது வயதுக்காரர், இந்தக் கட்டடம் எழுந்தபோது சித்தாளாக வேலை செய்தவர். சிறு சுத்தியலால் ஷேடின் அடிப்பரப்பை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'ணங்' என்றது, சில இடங்களில் 'பொத்' என்றது. பொத்தென்ற இடங்களையெல்லாம் சாக்பீசால் வட்டமிட்டார். 3-ஆம் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே மூன்று வட்டங்கள். "செத்த காரை தம்பி, இது மேல பூசினா நிக்காது, எடுத்துடணும்" என்றார். சென்ற முறை பழுது பார்த்தவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழியில்லாமல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே பூசிய பூச்சு அந்தப் பிளவை மறைத்தது, அவ்வளவே. உடைத்து எடுத்ததில் ஒரு துண்டு மட்டும் இரண்டரைக் கிலோ இருந்தது.

கம்பியின் பின்புறம்வரை காரையைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை அரை அங்குலம் அரை அங்குலமாக மூன்று தடவையாக வைத்தார். இந்த வட்டாரத்து வெயிலில் கலவை விறைப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால் மாலை 4 மணிக்கு மேல்தான் வேலை. ஈரச் சாக்கு கட்டி ஏழு நாள் தண்ணீர் காட்டினோம். எனினும் இத்தனைக்கும் மூலகாரணம் மேலே இருந்தது. ஷேடின் மேல் வேப்பிலைச் சருகு தேங்கி, வடிகால் துளை அடைத்து, ஆண்டுக்கணக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது. துளையைத் திறந்து, மேல்பரப்பில் வாட்டம் வைத்து, அடிவிளிம்பில் தண்ணீர் உள்ளே ஏறாமல் சொட்டுவதற்கு ஒரு கோடு இழுத்துவிட்டார். அந்தக் கோட்டுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

கேட் தடத்தின் இரு முனைகளிலும் வெல்டரை அழைத்து இரும்புத் தடுப்பு வைத்தோம்; ஒரு மணி நேரம் ஆயிற்று. கழிப்பறைக்குப் பின்னால் ஆடிய கல் என்று பிள்ளைகள் சொன்னது மலத்தொட்டியின் மூடி. விரிசல் விட்ட கடப்பாக் கல். அதை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிய கான்கிரீட் மூடி வார்த்து, வளையத்தில் சங்கிலியும் பூட்டும் போட்டோம். மூடியை மாற்றும்போது ஒருவரையும் உள்ளே எட்டிப்பார்க்கக்கூட விடவில்லை. அந்த வாயு மூச்சை நிறுத்த நொடிகள் போதும். அதே வாரத்தில், மதிலோரம் குவிந்துகிடந்த பழைய ஓடுகளை அகற்றினோம். இரண்டு கட்டுவிரியன்கள் இருந்தன. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அவற்றைப் பிடித்துக்கொண்டுபோகச் செய்தோம்.

மதிலைப் பற்றித்தான் இன்னும் மனம் ஆறவில்லை. கிழக்குப் பக்கத்து மதில் ஆறடி உயரம், நாலரை அங்குலக் கனம். வெளியே சாலையை மேடாக்கியபோது கொட்டிய மண் மதிலின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. மழைநீர் வடிவதற்கு ஒரு துளையும் இல்லை. ஈரமண் உள்பக்கம் தள்ளத் தள்ள, மதில் பள்ளிக்குள் சாய்ந்திருக்கிறது. மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்தபோது உச்சிக்கும் அடிக்கும் இரண்டே கால் அங்குல வித்தியாசம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததைச் சொல்லி, மதிலை இடித்துத் தருமாறு குழுவில் தீர்மானம் எழுதி, புகைப்படங்களோடு உரிய அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்கினோம். அரசுச் சொத்தை நாங்களாக இடிக்க முடியாது. முதல் வாரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது வாரமும் அதையே சொன்னார்கள்.

அதற்குள் பிள்ளைகளை விலக்க வேண்டும். சுவர் விழுந்தால் செங்கல் எவ்வளவு தூரம் சிதறும் என்பதை எண்ணி, உயரத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 9 அடி தள்ளிச் சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டினோம். பள்ளி திறந்த இரண்டாம் நாளே பந்தை எடுக்க ஒரு சிறுவன் கயிற்றுக்கடியில் குனிந்து போனதைப் பார்த்தேன். கயிறு பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. நான்கடி உயர வெல்டு மெஷ் என்ற கம்பிவலை வாங்கி, கழிகளோடு சேர்த்துத் தரைவரை இறுகக் கட்டினோம். விளையாடும் இடத்தையும் மேற்குப் பக்கம் மாற்றியதால், பந்து அங்கே போவது நின்றது. மழையைத் தாங்காது என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருந்ததால், சாலைப்பக்கத்து மண்ணை ஊராட்சித் தலைவரின் உதவியோடு ஜேசிபி வைத்து இரண்டடி இறக்கினோம். சுவருக்கு அருகில் மட்டும் இயந்திரத்தை விடாமல் மண்வெட்டியாலேயே எடுத்தோம்.

அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை பள்ளிக்குப் போனேன். போர் குழியின் மண்மேடு ஒன்றரை அடி இறங்கியிருந்தது. மறுபடி 6 சட்டி கலவை போட்டு நிரப்பினோம். அடுத்த மழைக்கு இரண்டு அங்குலம் மட்டுமே இறங்கியது. நவம்பர் நடுவில்தான், இனி இறங்காது என்று மேஸ்திரி சொன்னபின், அதன்மேல் மூன்றடிச் சதுரத்துக்குக் கான்கிரீட் போட்டோம். சன்ஷேடின் கோட்டிலிருந்து தண்ணீர் வாசலுக்கு வெளியே நேராகச் சொட்டியது. ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதத்தின் முதல் திங்கள்கிழமை தலைமையாசிரியை அழுத்திப் பார்த்து, அது விழுந்ததா என்பதை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார். இதுவரை இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

மதிலுக்கு நவம்பர் இறுதியில் அனுமதி வந்தது. கிழக்குப் பக்கத்தில் 40 அடி நீளத்தை இடித்தாயிற்று; மீதி 25 அடிக்கு மதிப்பீடு தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த 25 அடிக்கு முன்னால் மெஷ் இன்னும் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் போய்ச் சவுக்குக் கழிகளை அசைத்துப் பார்த்து, தளர்ந்தவற்றை மறுபடி அடித்துவிட்டு வருகிறேன்.